ஜெயகரனின் பிரேக்கும் ஊரிகத்துக் கால்களும்

கோலார் தங்கவயலின் ஊரிகத்தில் குடியிருக்கும் ஜெயகரனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வேறு யாராவது வந்து சொல்லி, அவர்மேல் நமக்கு வரப்போகும் மரியாதை குலைந்துவிடக் கூடாது. அவரிடம் இருப்பவை ஒரு பழைய ஸ்கூட்டர், அதற்கான லைசென்ஸ், சைக்கிளில் போகிறவர்களை முந்துவது அநாகரிகம் என்ற கொள்கை, இவ்வளவுதான். ஆனால் மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் பாயக்கூடிய ஒரு காரை நிறுத்துகிற பொறுப்பு அவருடையது.

"ஓட்றதுக்கு இன்னா, யார் வேணா ஓட்லாம். காலை வெச்சி அமுக்குனா போய்க்கினே இருக்கும். நிக்கணுமே, அதுக்குத்தான் படிச்சவன் வேணும்" என்பார். சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இருக்காது. அவர் சிரிப்பதற்காக எதையும் சொல்வதில்லை. மற்றவர்கள்தான் சிரித்துத் தொலைக்கிறார்கள்.

காலையில் ஊரே பெங்களூர் ரயிலைப் பிடிக்க டிபன் பையோடு ஓடும்போது, ஜெயகரன் மட்டும் நிதானமாக எதிர்ப்பக்கம் நடந்து போய்க் கோலார் பக்கம் போகிற கம்பெனி வேனுக்காக நிற்பார். ரயிலில் போகிறவர்கள் கணக்கு எழுதவும் காவல் காக்கவும் மற்றவர்களின் கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கவும் போகிறார்கள். தான் மட்டும் ஒரு காரைப் படைக்கப் போவதாக அவர் நினைப்பு. அந்த நினைப்பில் பொய் அதிகம் இல்லை. கோலாருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கொட்டகைக்குள், இந்தியாவிலேயே செய்த பந்தயக் கார் என்று விற்கப்போகும் ஒன்றை முப்பது சொச்சம் பேர் சேர்ந்து கட்டிக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் வேறொரு குழுவின் பொறுப்பு. உடம்பு ஒரு வடிவமைப்பாளரின் கனவு. தரைக்கும் அந்தக் கனவுக்கும் நடுவில் இருப்பதெல்லாம், அதாவது அடிச்சட்டமான சேசிஸில் சக்கரத்தைக் கோத்துப் பிடிக்கும் கைகள், ஸ்பிரிங், குலுக்கலை அடக்கும் டேம்பர், பிரேக் எல்லாம், ஜெயகரன்.

அதிலும் அவருக்குப் பிள்ளை மாதிரி ஒன்று உண்டு. அதன் பெயர் அப்ரைட். சக்கரத்தின் நடுப்பகுதியைத் தாங்கி, பிரேக்கையும் தன்மேல் சுமந்துகொண்டு, சஸ்பென்ஷனோடு இணைந்து நிற்கிற அலுமினியத் துண்டு. பந்தயக் காரில் சக்கரத்தோடு சேர்ந்து ஆடும் பாகம் எவ்வளவு இலேசாக இருக்கிறதோ, டயர் அவ்வளவு ரோட்டோடு ஒட்டி ஓடும். அதனால் ஜெயகரன் அதைச் செதுக்கினார். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று உலோகத்தை எடுத்து எடுத்து, கடைசியில் அது மீன் முள் மாதிரி அழகாக இருந்தது. ஒரு நாள் துண்டில் சுற்றி வீட்டுக்கே எடுத்து வந்து மனைவி ஜாய் முன்னால் மேசைமேல் வைத்தார்.

ஜாய் அரசு உதவி பெறும் பள்ளியில் கணக்கு டீச்சர். எதையும் கையில் எடுத்துப் பார்த்துத்தான் பேசுவார்.

"இத்தினூண்டு இருக்குது. இதுவா அவ்ளோ பெரிய காரைத் தாங்கும்?"

"தாங்கும்."

"பாதி ஓட்டையா இருக்குதே."

"அந்த ஓட்டைதான் ஜாய் என்ஜினீரிங். மிச்சம் வெறும் அலுமினியம்."

ஜாய் அதைத் திருப்பி மேசைமேல் வைத்தார். "நல்லாத்தான் இருக்குது. சாப்பிட வாங்க" என்றார். ஜெயகரன் இதைத் தன் வாழ்நாளில் கிடைத்த உயர்ந்த பாராட்டுகளில் ஒன்றாகக் கணக்கில் வைத்துக்கொண்டார்.

காரை ஓட்டிப் பார்க்கிற வேலை லவினாவுடையது. தங்கவயலிலேயே மாரிகுப்பத்துப் பெண். அப்பாவின் டூரிஸ்ட் வேனில் ஓட்டக் கற்று, மண் ரோட்டுப் பந்தயங்களில் கோப்பை வாங்கி, கடைசியில் சம்பளத்துக்கு வேகமாக ஓட்டுகிற நிலைக்கு வந்தவள். ஹெல்மெட்டைக் கழற்றியதும் முதலில் பசிக்கிறது என்பாள், அடுத்து காரைப் பற்றிச் சொல்வாள். இரண்டு வருஷமாக அவள் பிரேக்கைப் பற்றிச் சொன்னது ஒன்றேதான்: "கல்லு மாதிரி நிக்குது அண்ணே."

எல்லாம் இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது முதலாளி திலீப் ஒரு நாள் காரைத் தானே ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டார்.

திலீப் பெங்களூர்க்காரர். வீட்டில் கன்னடம், நண்பர்களோடு இங்கிலீஷ், கொட்டகையில் பெங்களூர்த் தமிழ். கார் பித்து உண்டு, ஓட்டவும் நன்றாகவே வரும். டெஸ்ட் டிராக்கில் ஒரு வளைவின் ஓரத்தில் பதித்திருந்த சிமெண்டு விளிம்பின் மேல் ஏறி இறங்கி, அடுத்த வளைவுக்குப் பிரேக்கை மிதித்தார். மிதி பாதி வரைக்கும் ஒன்றுமில்லாமல் உள்ளே போனது. மறுபடி மிதித்ததும் பிடித்தது. அந்த இரண்டு மிதிக்கும் நடுவில் திலீப்புக்குத் தன் பள்ளிக்கூட நாட்கள் நினைவுக்கு வந்ததாகப் பிறகு சொன்னார்.

"ஜெய், பெடல் உள்ள போயிடுச்சு. சொய்ங்னு."

"போவாது சார்."

"போச்சு, நான்தானே மிதிச்சேன்."

"நீங்க மிதிச்சது சரி சார். பெடல் போனது சரியில்ல. லவினா ரெண்டு வருஷமா ஓட்டுறா, ஒரு தடவ சொல்லல."

லவினாவைக் கேட்டார்கள். அவள் அதே விளிம்பின் மேல் ஏறி இறங்கி, அதே இடத்தில் பிரேக் போட்டுக் காட்டினாள். கல்லு மாதிரி நின்றது. திலீப் ஓட்டினார். சில தடவை போனது, சில தடவை போகவில்லை. ஜெயகரன் மிக மரியாதையாக, முதலாளியின் பாதம் சற்று அகலமானது என்ற கருத்தை முன்வைத்தார்.

வாரங்கள் இப்படிப் போயின. கடைசியில் திலீப் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஸ்வல்ப கேளுங்க ஜெய். எனக்கு உங்க மேல கோவம் இல்ல. ஆனா இந்தக் காரை நான் ஜனங்களுக்கு விக்கணும். வெளிநாட்டுல ஒரு கம்பெனி பிரேக், அப்ரைட், பேரிங் எல்லாம் முழு செட்டாத் தர்றேங்குது. திங்கக்கிழமை ஆர்டர் போடப் போறேன். உங்க அப்ரைட் நல்ல வேலைதான். ஷோ கேஸ்ல வெச்சிடலாம்."

ஒரு பிரேக் என்ஜினீயரிடம் அவர் செய்த பாகத்தைக் கண்ணாடி அலமாரியில் வைக்கலாம் என்று சொல்வது, பாடகரைக் கூப்பிட்டு உங்கள் படத்தை மாட்டிவைக்கிறோம், பாட வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம். ஜெயகரன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். பிறகு எழுந்து நின்று பேசினார்.

"ஞாயித்துக்கிழமை கார எங்க ஊருக்கு எடுத்துக்கினு வாங்க சார். எங்க தெருவுல ஓட்டிக் காட்றோம். அங்க நின்னுச்சின்னா ஒலகத்துல எங்க வேணா நிக்கும்."

இதில் மிகை இல்லை. தங்கவயலின் ரோடுகளை ஜெயகரன் ஒருபோதும் மோசமான ரோடுகள் என்று சொன்னதில்லை. வெளிநாட்டில் கோடிக் கணக்கில் செலவழித்துக் குழிகளை அளவெடுத்துத் தோண்டி சஸ்பென்ஷன் சோதனைக்கென்று தனி ரோடு போடுகிறார்கள். நம் நகரசபை அதே வசதியைப் பொதுமக்களுக்கு இலவசமாக வழங்கியிருக்கிறது என்பார். அதிலும் அவர் தெருவின் ஹம்ப், அதாவது வேகத்தடை, தனிச் சிறப்பு வாய்ந்தது. சாயங்காலங்களில் பையன்கள் பைக்கில் பறப்பதைத் தடுக்க, தெருவாசிகள் சேர்ந்து, தங்கச் சுரங்கத்தில் ஆட்களை இறக்கிய கூண்டை இழுத்த பழைய இரும்பு வடத்தில் ஒரு துண்டை ரோட்டுக்குக் குறுக்கே கிடத்தி, சிமெண்டு பூசி, போட்டது. இரண்டு விரல் உயரம்தான். ஆனால் வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் பல்செட் கழன்று மடியில் விழுந்த வரலாறு உண்டு.

முறைப்படி அனுமதி வாங்கி, ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு தெருவை இரண்டு பக்கமும் மூடினார்கள். கறுப்பும் வெள்ளையுமாக ஸ்டிக்கர் ஒட்டி வடிவத்தை மறைத்திருந்த கார் லாரியில் வந்து இறங்கியது. அது தரையோடு தரையாக இருந்ததைப் பார்த்து, பாவம், டயரில் காற்று இல்லை போல என்று சிலர் வருத்தப்பட்டார்கள்.

ஹம்ப்பைத் தாண்டிக் காரை நிறுத்த வேண்டிய இடத்தில் ஜெயகரன் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். அது போதவில்லை அவருக்கு. கோட்டுக்கு அப்பால், டேங்கர் தண்ணீருக்காக வரிசையில் வைத்திருந்த குடங்களைக் கொண்டுவந்து ரோட்டுக்குக் குறுக்கே அடுக்க ஆரம்பித்தார். வரிசையின் தலைமை, எதிர்வீட்டு பாக்யலட்சுமி. டேங்கர் வரும் நாளில் யார் முதல், யார் கடைசி என்பதில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"இன்னா ஜெயகரா, எங்க தூக்கிக்கினு போற?"

"ஒண்ணும் ஆவாதுக்கா. இது வரைக்கும் கார் வரவே வராது. சும்மா பாக்கறதுக்கு."

"வராதுன்னா அப்புறம் எதுக்கு வெக்கிற?"

"வராதுன்னு காட்றதுக்குத்தான்."

பாக்யலட்சுமி இந்த வாதத்தை யோசித்துப் பார்த்தார். அதில் ஏதோ ஓட்டை இருக்கிறது என்று தெரிந்தது, எங்கே என்று தெரியவில்லை. "பித்தளைக் குடத்த மட்டும் வுட்டுடு" என்று அதைப் பிடுங்கிக்கொண்டார்.

முதலில் லவினா. ஓரத்தில் நின்ற கூட்டத்தைப் பார்த்துக் கையாட்டிவிட்டுக் கிளம்பினாள். சத்தம் தெருவின் ஓட்டுக் கூரைகளை ஒரு தடவை தடவிவிட்டுப் போனது. வடத்தின் மேல் டமாரென்று ஏறி இறங்கியது கார். கோட்டுக்கு வெகு முன்னாலேயே நின்றது. தெரு கை தட்டியது. ஜெயகரன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, இதில் வியக்க என்ன இருக்கிறது என்ற முகத்தோடு வானத்தைப் பார்த்தார்.

அடுத்து திலீப். அதே வேகம், அதே வடம், அதே இடம். பிரேக்கை மிதித்தார். கார் கோட்டை மதிக்கவில்லை. இரண்டாவது மிதிக்குப் பிரேக் பிடித்து நிற்பதற்குள் பிளாஸ்டிக் குடங்கள் ஒவ்வொன்றாகப் பட் பட்டென்று உயிரை விட்டன. பச்சைக் குடம் ஒன்று முன் சக்கரத்தில் மாட்டிக்கொண்டு கடைசிவரை போராடியது.

பிறகு பாக்யலட்சுமி பேசினார். அவர் பேசியதில் அச்சேறக்கூடியது இவ்வளவுதான்: "வராதுன்னியே, வந்துக்கினு போய்க்கினு இருக்குதே."

ஜெயகரன் நடந்து போய்க் காரின் ஜன்னல் பக்கம் குனிந்தார். அப்போதும் அவர் நம்பிக்கை கீறல் விழாமல்தான் இருந்தது. "சார், நீங்க ஷூவ மாத்திப் பாக்கலாமே" என்றார்.

திலீப் இறங்கினார். "போதும் ஜெய். நாளைக்கு ஆர்டர் போடறேன்" என்றார். குடங்களுக்குப் பதில் புதுக் குடங்கள் வாங்கித் தருவதாக பாக்யலட்சுமியிடம் கும்பிட்டுச் சொல்லிவிட்டு, தன் சொந்தக் காரில் ஏறப் போனவரை ஜாய் டீக்கு நிறுத்திவைத்தார். தெருவைத் திறந்துவிட்டார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு ஜெயகரனும் லவினாவும் உடைந்த குடங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். வெயில் சாய்ந்து, சுரங்கக் கழிவைக் கொட்டிய வெள்ளை மணல் மேட்டின் நிழல் தெருவில் விழ ஆரம்பித்திருந்தது.

"பெங்களூர்க் காலு அண்ணே. அவருக்கு ஓட்ட வரல, அவ்ளோதான்" என்றாள் லவினா.

"அதான் நானும் சொல்றேன்."

ஒரு ஷேர் ஆட்டோ அவர்களைத் தாண்டி ஹம்ப்பை நோக்கிப் போனது. வடத்தின் மேல் குதித்தது. முனையில் திரும்ப பிரேக் போட்டது. பின் விளக்கு ஒரு தடவை மினுக்கென்று எரிந்து அணைந்து, பிறகு நின்று எரிந்தது. அடுத்து ஒரு பால் வண்டி. மினுக். பிறகு நின்று எரிந்தது. டவுன் பஸ் ஒன்று வந்தது. அதற்கும் அதே மினுக்.

ஜெயகரன் கையில் ஒரு குடத்தின் கழுத்தோடு நிமிர்ந்து நின்றார். மேலும் மூன்று ஆட்டோ, ஒரு பைக், பாதிரியாரின் கார். எல்லாவற்றுக்கும் இரண்டு தடவை. கடைசியாக, ஜாய் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத் தாமதமாகக் கிளம்பிய திலீப்பின் கார் போனது. வடத்தின் மேல் ஏறியது, இறங்கியது, முனையில் பிரேக். ஒரே சிவப்பு. நேராக, நீளமாக, மினுக்கல் இல்லாமல்.

"லவினா, நீ பிரேக் எப்பிடிப் போடுவ?"

"எப்பிடின்னா? காலால."

"எத்தினி தடவ?"

"ஒரு தடவதான். இது இன்னா கேள்வி?"

"நீ ஓட்டு. நான் பின்னால நின்னு பாக்குறேன்."

தெருவில் வண்டி வராத நேரம் பார்த்துப் பந்தயக் காரை மறுபடி எடுத்தாள். மினுக். பிறகு நின்று எரிந்தது. வந்து இறங்கியவள், தான் ஒரே தடவைதான் மிதித்தேன் என்று பைபிள்மேல் கை வைத்துச் சத்தியம் செய்யத் தயாராக இருந்தாள். ஜெயகரன் தன் போனில் எடுத்த வீடியோவைக் காட்டினார். லவினா அதை மூன்று முறை பார்த்தாள்.

"அது நான் இல்ல அண்ணே" என்றாள். "என் காலு."

இங்கே இந்த ஊரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சுரங்கம் ஓடிய நாளில், ஆட்களை ஏற்றிய கூண்டை ஆழத்துக்கு இறக்குமுன், வடத்தைச் சுற்றி இழுக்கும் வைண்டிங் என்ஜினின் டிரைவர் பிரேக்கை ஒரு தடவை பிடித்துப் பார்ப்பார். அதற்கு ட்ரையல் என்று பெயர். ட்ரையல் பார்க்காமல் ஒரு கூண்டும் இறங்காது. சுரங்கம் மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ட்ரையல் மூடவில்லை. பூட்டைப் பூட்டினால் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி இழுப்பார்கள். கேஸ் குமிழைத் திருகி அணைத்துவிட்டு மறுபடி திருகுவார்கள். பெண் பார்க்கப் போகுமுன் பெண் வீட்டு வழியாகச் சும்மா ஒரு நடை போய் வருவார்கள். முதல் பதிலை யாரும் நம்புவதில்லை, இரண்டாவதுதான் பதில். வண்டி ஓட்டும்போதும் அப்படியே. முதலில் பிரேக் இருக்கிறதா என்று கால் தானாக ஒரு தட்டு தட்டிப் பார்க்கும். இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மிதிக்கும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. செய்கிறோம் என்பதே யாருக்கும் தெரியாது.

அந்த ஒரு தட்டுதான் இரண்டு வருஷமாக ஜெயகரனை ஏமாற்றியிருந்தது.

வடத்தின் மேலோ சிமெண்டு விளிம்பின் மேலோ சக்கரம் மோதும்போது, அவர் மீன் முள் மாதிரிச் செதுக்கிய அப்ரைட் ஒரு நொடி வளைந்து கொடுத்தது. அது வளைந்தால் அதோடு இருக்கும் பேரிங் அசையும், பிரேக்கின் டிஸ்க் சாயும். சாய்ந்த டிஸ்க், தன்னை இரண்டு பக்கமும் கவ்வி நிறுத்தும் பேடுகளைப் பின்னால் தள்ளிவிடும். சாதாரணக் காரில் அந்தப் பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பர் கொஞ்சம் நகர்ந்து கொடுத்துச் சமாளிக்கும். பந்தயக் காரில் அது அசையாமல் இறுக்கியிருக்கும். அதனால் அடுத்த மிதியில் பாதி, அந்த இடைவெளியை அடைக்கவே போய்விடும். மிச்சம் பாதிதான் பிரேக். லவினாவின் கால் எப்போதும் முதலில் ஒரு தட்டு தட்டி அந்த இடைவெளியை மூடிவிட்டது. அதன்பின் அவள் மிதித்த மிதிக்குப் பிரேக் கல்லு மாதிரி நின்றது. திலீப்பின் கால் முதல் மிதியையே நம்பியது.

ஜெயகரன் வீட்டுக்குள் போய் லேப்டாப்பைத் திறந்தார். லவினா ஓட்டிய ஒவ்வொரு ஓட்டத்திலும் பிரேக் அழுத்தத்தின் வரைகோட்டில், பெரிய மேட்டுக்கு முன்னால் ஒரு சின்னப் புடைப்பு இருக்கும். ஆரம்பத்திலேயே அதைப் பார்த்திருக்கிறார். எல்லா ஓட்டத்திலும் ஒரே மாதிரி வருவதால் அது சென்சாரின் இரைச்சல் என்று தீர்ப்பளித்து, அதை வடிகட்டி எடுத்துவிடும்படி கம்ப்யூட்டருக்குக் கட்டளையிட்டிருந்தார். இப்போது வடிகட்டியை எடுத்தார். புடைப்புகள் வரிசையாக வந்து நின்று அவரைப் பார்த்தன.

ஜாய் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "இன்னாது அது?"

"நம்ம ஊரு."

"தப்பு யாருது?"

ஜெயகரன் யோசித்தார். "என்னுது" என்றார். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். தப்பு தன்னுடையதுதான் என்று தெரிந்ததும் அவருக்கு ஒரு பெரிய நிம்மதி வந்தது. மற்றவர்களின் தப்பை மற்றவர்கள்தான் திருத்த வேண்டும். தன் தப்பு என்றால் தானே திருத்தலாம். அதைவிட நம்பகமான ஆள் யார் இருக்கிறார்.

உடனே திலீப்பைக் கூப்பிட்டார். திலீப் அப்போதுதான் பெங்களூரின் டிராஃபிக்கில் போய்ச் சிக்கியிருந்தார்.

"சார், நல்ல சேதி. பெடல் உள்ளதான் போவுது."

மறுமுனையில் ஹாரன் சத்தத்துக்கு நடுவில் திலீப்பின் குரல் வந்தது. "ஜெய், இதைத்தான் நான் ரெண்டு மாசமா சொல்றேன்."

"நீங்க சொன்னீங்க சார், நான் கண்டுபிடிச்சேன். அப்ரைட் வளையுது. பேரிங்க அகலப்படுத்தி, நடுவுல விலா எலும்பு மாதிரி ஒரு பட்டை வெச்சிக் கட்டுனா வளையாது. ஆர்டர் போடாதீங்க. வெளிநாட்டுக்காரன் செட்டுலயும் இதே வியாதி இருக்குதா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? எங்களுக்கு எங்க வியாதி தெரிஞ்சிபோச்சி."

"லவினா ஏன் சொல்லல?"

ஜெயகரன் விளக்கினார். விளக்கி முடித்ததும் திலீப் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கியதும், "அடுத்த மாசம் வரைக்கும் டைம். உங்க தெருவுலயே. ஆனா ஓட்டறது நான்" என்றார்.

கொட்டகையில் வேலை நடந்தது. விலா எலும்பு வைத்த புது அப்ரைட் முன்னைவிடக் கொஞ்சம் குண்டாக வந்தது. ஜெயகரன் அதை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. ஆனால் அந்த நாட்களில் பெரிய சிக்கல் அலுமினியத்தில் இல்லை. சரிபார்ப்பதற்கு, முதல் மிதியிலேயே பிரேக்கை நம்புகிற ஒரு கால் தினமும் தேவைப்பட்டது. திலீப்புக்கு வேறு வேலைகள் இருந்தன. லவினா ஒரே மிதியாக மிதிக்கப் பழகினாள். முதல் நாள் சாயங்காலம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்னால ஆவல அண்ணே. மிதிக்கணும்னு நெனச்சாலே காலு முந்திக்கினு ஒரு தட்டு தட்டுது. தும்மல அடக்குற மாதிரி இருக்குது."

தங்கவயலில் வேறு யாராவது கிடைப்பார்களா என்று தேடினார்கள். ஆம்புலன்ஸ் டிரைவர், கல்யாண வண்டி ஓட்டுகிறவர், ரிடையரான லாரிக்காரர் என்று விசாரித்ததில், முதல் மிதியை நம்புகிற மனிதர் ஒருவரும் ஊரில் இல்லை என்பது நிரூபணமானது. இந்த ஆராய்ச்சிக்கு யாரும் பட்டம் தரவில்லை என்பதில் ஜெயகரனுக்கு இன்றும் குறை உண்டு.

மறுபடி ஞாயிற்றுக்கிழமை. மறுபடி தெருவை மூடினார்கள். சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். ஜெயகரன் குடங்களின் பக்கம் பார்த்தார்.

"கைய வெச்சிப் பாரு" என்றார் பாக்யலட்சுமி.

ஜெயகரன் கையை வைக்கவில்லை. கோட்டுக்கு அப்பால் தன் ஸ்கூட்டரைக் கொண்டுவந்து குறுக்கே நிறுத்தினார். ஸ்டாண்டு போட்டு, சரியாக நிற்கிறதா என்று ஒரு தடவை ஆட்டிப் பார்த்து, மறுபடி ஆட்டிப் பார்த்தார். தெரு இதைக் கவனித்தது. பிரேக் பிடிக்காவிட்டால் ஸ்கூட்டரும் போகும், வேலையும் வெளிநாட்டுக்குப் போகும் என்பது இப்போது பால்காரர் வரைக்கும் தெரிந்திருந்தது.

திலீப் கிளம்பினார். வடத்தின் மேல் டமார். பிரேக். கார் கோட்டுக்கு முன்னாலேயே நின்றது. தெரு கை தட்டியது. ஜாய்கூட இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினார். திலீப் கதவைத் திறந்து வெளியே வந்து வெற்றி என்று இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார்.

ஜெயகரன் மட்டும் தட்டவில்லை. லவினாவைப் பார்த்தார். அவள் தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

"சார்" என்றாள் லவினா, "நீங்க ரெண்டு தடவ மிதிச்சீங்க."

"இல்லையே. ஒரே தடவைதான்."

"மினுக்குச்சி சார். நான் பின்னால நின்னு பாத்துக்கினுதான் இருந்தேன். போன தடவ பயந்துட்டீங்க இல்ல, இப்ப உங்க காலும் எங்க ஊருக் காலு ஆயிடுச்சி."

திலீப் தன் வலது காலைப் பார்த்தார், அது தன்னிடம் ஏதோ மறைத்ததைப் போல. தெருவில் சிரிப்பு பரவியது. ஜெயகரன் அருகே போனார். இதைச் சிரிப்போடு விட்டிருந்தால் அப்போதே எல்லாம் முடிந்திருக்கும். முதலாளி திருப்தி, ஸ்கூட்டர் பத்திரம், ஆர்டர் ரத்து.

"இது செல்லாது சார்" என்றார். "ட்ரையல் பாத்துட்டுப் புடிச்சா என் பழைய பிரேக்கே நிக்கும். உங்க காருக்கு வர்றவன் ட்ரையல் பாக்க மாட்டான். காசு குடுத்து வாங்கிட்டோம்னு அப்பிடியே மிதிப்பான். நீங்க அவன மாதிரி மிதிங்க."

"பயமா இருக்குது ஜெய். உண்மையா."

"எனக்கு இல்ல சார்."

அவர் அதைச் சொன்ன விதத்தில் வீரம் ஒன்றும் இல்லை. மழை வராது, குடை வேண்டாம் என்பதுபோலச் சொன்னார். திலீப் காருக்குத் திரும்பினார். பிறகு உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

இரண்டாவது ஓட்டம். கார் முன்னைவிடக் கொஞ்சம் வேகமாகவே வந்தது. திலீப் பயத்தை வேகத்தில் ஒளிக்கிற ஜாதி. வடம். டமார். சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரே சிவப்பாக, கெட்டியாக, அணையாமல் எரிந்தது. காரின் மூக்கு தரையை நோக்கிக் குனிந்து, டயர்கள் ரோட்டைக் கவ்வி, கோட்டுக்கு முன்னால் நின்றுவிட்டுப் பின்னால் ஒரு தடவை ஆடி அமர்ந்தது. ஸ்கூட்டருக்கும் காருக்கும் நடுவில் ஒரு ஆட்டோ நிற்கிற இடம் இருந்தது.

"ஒண்ணுதான் அண்ணே" என்றாள் லவினா. "மினுக்கல."

திலீப் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஜெயகரன் ஜன்னலுக்குக் குனிந்தபோது, "கல்லு மாதிரி" என்று மட்டும் சொன்னார். போனை எடுத்தார். வெளிநாட்டு ஆளுக்கு அங்கே இன்னும் காலைதான்.

"நம்ம அப்ரைட்தான் ஜெய். சொல்லிடறேன்."

ஜெயகரன் தலையை அசைத்தார். நன்றி சொல்லவில்லை. சரியான விடை எழுதிய பையனைப் பார்க்கிற மாதிரி முதலாளியைப் பார்த்தார். "ஒண்ணு சார். இனிமே ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ரெண்டு டிரைவர். ஒண்ணு லவினா. இன்னொண்ணு வெளியூரு."

"அப்ப என் வேலையில பாதி போச்சா?" என்றாள் லவினா.

"பாதி இல்ல. நீ ஓட்டிக் காட்டுவ, அவன் ஒடைச்சிக் காட்டுவான். ரெண்டும் வேணும்."

திலீப் இறங்கி, காரின் பக்கத்தில் நின்று இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார். பேச்சு நீண்டது. மறுமுனைக்காரர் விடுவதாக இல்லை. விலையைக் குறைக்கிறேன் என்கிறார் போலிருந்தது. தெரு முழுக்க அந்தப் பேச்சைப் புரியாமல் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பாக்யலட்சுமி ஜெயகரனின் அருகே வந்தார்.

"யாருகிட்ட பேசுறாரு?"

"வெளிநாட்டு கம்பெனிக்கா. உன் பிரேக் வேணாம், எங்க ஊரு பிரேக் போதும்னு சொல்றாரு."

"சொல்லட்டும், நல்லா சொல்லட்டும்" என்றார் பாக்யலட்சுமி. "சொல்லி முடிச்சதும் வண்டிய எடுக்கச் சொல்லு. அந்தாண்ட டேங்கர் வந்து நின்னுக்கினு கீது."

ஜெயகரன் முதலாளியின் பக்கம் போய், விலைப் பேச்சின் நடுவில், மிகுந்த பணிவோடு கையால் வழி காட்டினார்.